இரத்த வங்கியிலிருந்து கடிதம் வந்தால்: ஹெபடைடிஸ் சி பற்றி ஒரு பேச்சு

(யாழ்ப்பாணம், திருநெல்வேலியில் நடந்த சங்கத்தின் வடபகுதி அங்கத்தவர் கூட்டத்தில் ஆற்றிய உரை. அச்சுக்காகச் சற்றுச் சுருக்கப்பட்டுள்ளது.)



திருநெல்வேலி என்றதும் நம்மில் பலருக்கு இந்த ஊர் ஞாபகம் வருவதில்லை. பாட்டன் பூட்டன் கப்பலேறி வந்த சீமைதான் ஞாபகம் வரும். இங்கே இருப்பவர்கள் இதைத் 'தின்னவேலி' என்கிறார்கள். எந்தத் திருநெல்வேலியாக இருந்தாலும் சரி, இன்றைக்குக் கூடியிருப்பது ஜூன் 14ஆம் திகதி சங்கம் நடத்தும் இரத்ததான முகாமைப் பற்றிப் பேசுவதற்கு.

அந்த நாள் உலக இரத்ததான தினம். 2014இல் அதற்கான உலக நிகழ்ச்சியை ஏற்று நடத்தியது நம் நாடுதான். காசு வாங்காமல், 'உறவுக்காரரைக் கூட்டி வா' என்ற கட்டாயமும் இல்லாமல், தாமாக முன்வந்து கொடுப்பவர்களின் இரத்தத்தை மட்டுமே கொண்டு ஆஸ்பத்திரிகளை நடத்தும் நிலைக்கு இலங்கை வந்ததும் அந்தக் காலத்தில்தான். நம்மைவிடப் பணக்கார நாடுகள் பல இன்னும் அங்கே வந்து சேரவில்லை. இதைச் சொல்லிப் பெருமைப்படலாம். ஆனால் முகாமுக்குப் பெயர் எழுதப் போனால் நம் பிள்ளைகள் பின்வாங்குகிறார்கள். ஏன் என்று கேட்டேன். இரண்டு பதில் கிடைத்தது. இரத்தம் கொடுத்தால் நோய் வரும் என்பது ஒன்று. மற்றதை யாரும் சத்தமாகச் சொல்லவில்லை: இரத்தம் கொடுத்தால், நமக்கு நோய் இருப்பது வெளியே தெரிந்துவிடும்.

இந்த இரண்டாவது பயம்தான் பெரியது. அதனால் அதைப் பற்றித்தான் இன்றைக்கு அதிகம் பேசப்போகிறேன்.

கொடுக்கும் ஒவ்வொரு பை இரத்தத்தையும் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும் பரிசோதிக்கிறார்கள். இவற்றில் நம் ஆட்கள் அதிகம் கேள்விப்படாதது சி. செங்கமாரி எல்லாம் ஒன்று என்று நினைத்திருக்கிறோம். 2007இல் கம்பளையில் பரவியது ஏ. அது தண்ணீராலும் சாப்பாட்டாலும் வருவது. கண் மஞ்சளாகும், படுக்க வைக்கும், பெரும்பாலும் சில கிழமைகளில் போய்விடும். சி தண்ணீரில் வராது, சாப்பாட்டில் வராது. ஒருவருடைய இரத்தம் இன்னொருவருடைய இரத்தத்தில் கலந்தால்தான் வரும். வந்தாலும் கண் மஞ்சளாவது அபூர்வம். இருபது, முப்பது வருடம் ஒரு சத்தமும் இல்லாமல் ஈரலைத் தின்றுகொண்டிருக்கும். நிரந்தரமாகத் தொற்றியவர்களில் நூற்றுக்குப் பதினைந்து முதல் முப்பது பேருக்கு இருபது வருடத்துக்குள் ஈரல் சுருங்கிப்போகும். அதன் பிறகு சிலருக்குப் புற்றுநோய்.

இந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததே 1989இல்தான். அதுவரை டாக்டர்மார் அதற்கு வைத்திருந்த பெயர் 'ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை' என்பது. இரத்தம் ஏற்றியவர்களுக்குச் சில வாரம் கழித்து ஈரல் நோய் வருகிறது, ஆனால் ஆள் யார் என்று தெரியவில்லை. கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2020இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அப்படியென்றால், அதற்கு முன்னால் உலகத்தில் ஏற்றப்பட்ட இரத்தம் எதுவும் சி-க்காகப் பரிசோதிக்கப்படவில்லை. இந்தியாவில் இந்தப் பரிசோதனை கட்டாயமானதே 2001 ஜூன் மாதத்திலிருந்துதான். அந்தக் காலத்தில் அங்கே இரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கலாம். அவர்கள் ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நல்லது.

முதல் பயத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். கொடுப்பவருக்கு நோய் வருமா? இன்றைய முகாமில் வராது. ஊசியும் குழாயும் பையும் ஒன்றாகச் சேர்ந்து, ஒட்டி மூடிய உறைக்குள் வரும். ஒருவருக்குப் பாவித்தால் அதோடு சரி. உங்கள் கண்முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள்; தாதிமார் கோபப்பட மாட்டார்கள்.

ஆனால் இந்தப் பயம் வானத்திலிருந்து விழுந்ததும் இல்லை. கொடுத்தவர்களுக்கே நோய் வந்த இடம் உண்டு. 1990களில் சீனாவில் ஹெனான் மாகாணத்துக் கிராமத்து ஏழைகள் இரத்தத்தின் திரவப் பகுதியை, அதாவது பிளாஸ்மாவை, காசுக்கு விற்றார்கள். பல பேருடைய இரத்தத்தை ஒன்றாகக் கலந்து, பிளாஸ்மாவை எடுத்துக்கொண்டு, மிச்சமான சிவப்பு அணுக்களைத் திரும்ப அவர்கள் உடம்பிலேயே ஏற்றினார்கள். சீக்கிரம் தெம்பு வரும், சீக்கிரம் திரும்ப விற்கலாம் என்று. ஒருவரிடம் இருந்தது அத்தனை பேருக்கும் போனது. எச்.ஐ.வி. போனது, சி-யும் போனது. கிராமம் கிராமமாகப் போனது. இரத்தத்தை விலைக்கு வாங்கினால் விற்க வருபவன் பசியோடு வருவான், கேட்கிற கேள்விக்கு உண்மை சொல்ல மாட்டான். இந்தியாவிலும் காசுக்கு இரத்தம் விற்பதை உயர் நீதிமன்றத்துக்கும் மேலான உச்ச நீதிமன்றமே தலையிட்டு 1998 ஜனவரியிலிருந்து நிறுத்தியது. நம் நாட்டில் காசு இல்லை என்பதுதான் நமக்கு முதல் பாதுகாப்பு.

இனி இரண்டாவது பயம்.

எங்கள் பக்கத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பெயரும் வேண்டாம், தோட்டமும் வேண்டாம். முகாமில் இரத்தம் கொடுத்த ஒரு தம்பிக்குக் கொஞ்ச நாள் கழித்து இரத்த வங்கியிலிருந்து தொலைபேசி வந்தது. 'ஒருமுறை வந்து போங்கள், திரும்ப ஒரு பரிசோதனை எடுக்க வேண்டும்' என்றார்கள். அவன் கொழுந்து நிறுக்கிற இடத்தில் நின்று பேசினான். பக்கத்தில் நின்றவர்கள் பாதியைக் கேட்டார்கள், மீதியைத் தாங்களே சேர்த்துக்கொண்டார்கள். பொழுது சாய்வதற்குள் மேட்டு லயம் முழுக்க அவனுக்கு எய்ட்ஸ் என்று ஆகிவிட்டது. வீட்டில் மாமியார் அவனுக்கு ஒரு கோப்பை, ஒரு பீங்கான் தனியாக எடுத்து வைத்தார். கைப்பிள்ளையைத் தூக்க விடவில்லை. சில கிழமை கழித்து இரண்டாவது பெறுபேறு வந்தது. கிருமி இல்லை. மாமியாருக்கு நானே போய் விளங்கப்படுத்தினேன். தலையாட்டினார். கோப்பை மட்டும் மாறுவதற்கு இன்னும் ஒரு மாதம் ஆனது.

தனிக் கோப்பை என்றால் என்ன என்று இந்த மண்ணுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளில் ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தனிக் குவளை வைத்ததை எதிர்த்து 1960களில் எத்தனை பேர் அடிபட்டார்கள், உயிர் விட்டார்கள். அதே கோப்பையை நம் லயத்துக்குள் நாமே திரும்பக் கொண்டுவரலாமா? அதுவும் ஒரு பிரயோசனமும் இல்லாத கோப்பையை? சி கோப்பையில் தொற்றாது.

அந்தத் தம்பிக்கு முதலில் இருக்கிறது என்றார்கள், பிறகு இல்லை என்றார்கள். இது என்ன பரிசோதனை என்று நீங்கள் கேட்கலாம். தேயிலை மலைக்குள் சிறுத்தை வந்துபோனால் அடுத்த நாள் காலையில் தடம் கிடக்கும். முதல் பரிசோதனை பார்ப்பது தடத்தை. கிருமி உள்ளே வந்தால் உடம்பு அதை எதிர்க்க ஒரு பொருளை உண்டாக்கும். பள்ளிக்கூடப் புத்தகத்தில் பிறபொருளெதிரி என்று படித்திருப்பீர்கள். அது இருந்தால் சிறுத்தை எப்போதோ வந்தது என்று அர்த்தம். இப்போதும் உள்ளே நிற்கிறதா என்று தடம் சொல்லாது. சி தொற்றியவர்களில் ஏறக்குறைய பத்துக்கு மூன்று பேருக்கு மருந்தே இல்லாமல் ஆறு மாதத்துக்குள் உடம்பே கிருமியைத் துரத்திவிடும். தடம் மட்டும் மிஞ்சும். சில நேரம் நாயின் தடத்தைப் பார்த்துச் சிறுத்தை என்று சொல்லிவிடுவதும் உண்டு. நம் நாட்டில் சி உள்ளவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. இப்படி நோய் அரிதாக இருக்கிற இடத்தில், முதல் பரிசோதனை அடிக்கிற மணிகளில் கணிசமானவை பொய் மணியாக இருக்கும். அதனால்தான் திரும்பக் கூப்பிட்டு, கிருமியையே தேடும் இரண்டாவது பரிசோதனை செய்கிறார்கள். கூப்பிட்டவுடன் நோயாளி என்று முடிவு கட்டுவது தடத்தைப் பார்த்துவிட்டு ஆள் செத்துவிட்டான் என்று ஒப்பாரி வைப்பது மாதிரி.

மறுபக்கமும் இருக்கிறது. கிருமி புதிதாக வந்த முதல் இரண்டு மாதமளவில் தடம் பதிந்திருக்காது. அந்த நேரத்தில் பரிசோதனை ஏமாறலாம். ஆகவே முகாமில் கொடுக்கிற ஃபாரத்தில் உண்மையை எழுதுங்கள். சமீபத்தில் பச்சை குத்தினீர்களா, ஊசியால் போதைப்பொருள் ஏற்றினீர்களா, செங்கமாரி வந்ததா, இரத்தம் ஏற்றினார்களா என்றெல்லாம் கேட்பார்கள். ஃபாரத்தைத் தமிழில் கேட்டு வாங்குங்கள். கூட்டாளிமார் பார்க்கிறார்கள் என்று பொய் எழுதுவதைவிட, வரிசையிலிருந்து விலகி டாக்டரிடம் தனியாகச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம். தோழர் கேலி செய்தால் 'இரத்தம் காணாதாம்' என்று சொல்லிவிடுங்கள். அந்தப் பொய்யால் யாருக்கும் கெடுதல் இல்லை.

சரி, உண்மையிலேயே கிருமி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் யாருக்கு வரும்? புருஷனுக்கு, பெண்சாதிக்கு, பிள்ளைக்கு?

இதற்கு நல்ல பதில் கிடைத்தது ஒரு பெரிய அநியாயத்திலிருந்து. நம் தாய்மாரில் சிலருக்கு நெகட்டிவ் இரத்தம் இருக்கும். பிள்ளை பெற்றவுடன் 'ஆன்டி டி' என்ற ஊசி போடுவார்கள். அடுத்த பிள்ளையைக் காப்பாற்றும் ஊசி அது. அதை இரத்தம் கொடுப்பவர்களின் பிளாஸ்மாவிலிருந்துதான் செய்கிறார்கள். அயர்லாந்தில் 1977இல், செங்கமாரி வந்த ஒரு பெண்ணின் பிளாஸ்மாவிலிருந்து இந்த ஊசியைச் செய்து அந்த ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் தாய்மாருக்குப் போட்டுவிட்டார்கள். யாருக்கும் தெரியவில்லை. 1991இல் அங்கே இரத்தம் கொடுப்பவர்களுக்கு சி பரிசோதனை தொடங்கியபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. நெகட்டிவ் இரத்தமுள்ள பெண்கள், பிள்ளை பெற்றவர்கள், போதை ஊசி பற்றிக் கனவிலும் அறியாதவர்கள், இரத்தம் கொடுக்க வந்த இடத்தில் பிடிபட்டார்கள். அவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனபோது ஊசி அகப்பட்டது. 1994இல்தான் அது நாட்டுக்கு அறிவிக்கப்பட்டது. பிறகு அறுபத்திரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களைப் பரிசோதித்ததில் 704 பேரிடம் தடம் இருந்தது, 390 பேரிடம் கிருமியே இருந்தது. பிரிஜட் மக்கோல் என்ற தாய் வழக்குப் போட்டுப் போராடி, 1996இல் இறந்தார். உண்மையை வெளியே இழுத்தது அவரைப் போன்ற பெண்களின் பிடிவாதம்.

கேள்விக்கு வருகிறேன். இந்தப் பெண்கள் தங்களுக்கு நோய் இருப்பது தெரியாமலே பதினாறு, பதினேழு வருடம் குடும்பம் நடத்தினார்கள். ஒரே படுக்கை, ஒரே பாத்திரம், ஒரே சோப்பு. கிழக்கு ஜெர்மனியிலும் 1978, 79இல் இதே மாதிரி நடந்தது. இரண்டு நாட்டிலும் புருஷன்மாரையும் பிள்ளைகளையும் பரிசோதித்தபோது மிகச் சிலரிடமே கிருமி இருந்தது. அமெரிக்காவில் சி உள்ளவர்களின் ஐந்நூறு ஜோடிகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள்: ஒருவரோடு ஒருவர் மட்டும் வாழும் கணவன் மனைவிக்கிடையே உடலுறவால் தொற்றும் வாய்ப்பு, கூடினால் ஒரு இலட்சத்துத் தொண்ணூறாயிரம் தடவைக்கு ஒன்று. தாயிடமிருந்து வயிற்றுப் பிள்ளைக்குப் போவது நூறு பிரசவத்துக்கு ஐந்து, ஆறு. தாய்ப்பால் கொடுக்கலாம்; காம்பு வெடித்து இரத்தம் வந்தால் மட்டும் ஆறும்வரை நிறுத்த வேண்டும்.

ஆகவே சி உள்ள தகப்பன் பிள்ளையைத் தூக்கலாம், முத்தம் கொடுக்கலாம், ஒரே பீங்கானில் சாப்பிடலாம், ஒரே பீலியில் குளிக்கலாம், ஒரே கக்கூசுக்குப் போகலாம். நுளம்பு கடித்து வராது. பிள்ளைக் காம்பராவில் அவர் பிள்ளையைச் சேர்க்க மாட்டோம் என்று யாராவது சொன்னால் சங்கத்துக்குச் சொல்லுங்கள்.

தனியாக வைக்க வேண்டியது கோப்பையை விட்டு வேறு சிலதை. சவரப் பிளேட், பல்துலக்கும் பிரஷ், நகவெட்டி, சீனி வியாதிக்காரர் விரலில் குத்திப் பார்க்கும் ஊசி. ஆறு பேர் இருக்கும் ஒரு காம்பராவில் ஒரே ரேசர் சுவரில் தொங்குவதை நான் எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன். காய்ந்த இரத்தத்திலும் இந்தக் கிருமி நாள் கணக்கில் உயிரோடு இருக்கும். தலை மொட்டை போடும் கத்தி, சலூன் கத்தி இரண்டும் இதே கணக்கு. புதுப் பிளேட்டைக் கேட்டு வாங்குங்கள். கவ்வாத்துக் கத்தி கையில் பட்டால் காயத்தைக் கட்டிவிட்டு, கத்தியையும் கழுவிவிட்டு அடுத்தவருக்குக் கொடுங்கள். இன்னொன்று சொன்னால் கோயில் கமிட்டிக்காரர்கள் கோபிக்கக்கூடாது. அலகு குத்துவதையோ காவடி எடுப்பதையோ நான் குறை சொல்லவில்லை. ஒருவர் முதுகில் குத்திய செடிலைத் துடைத்துவிட்டு அடுத்தவர் முதுகில் குத்துவதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன். விபூதி பூசினால் போதும் என்பது பக்திக்குச் சரி, கிருமிக்குச் சரிவராது. ஆளுக்கொரு செட் வாங்க ஊர்ப் பணம் காணும்.

வீட்டில் ஒருவருக்குக் கிருமி உறுதியானால் மற்றவர்களும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ள வேண்டும். ஒதுக்குவதற்காக இல்லை, ஒரே ரேசர் தொங்கிய வீடு என்பதால்.

இப்போது சங்கத்துக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட விஷயம். இரத்த வங்கி கடிதம் போட்டால் அது எங்கே போகிறது? நம் லயங்களில் பலதுக்கு இன்னும் ஒழுங்கான விலாசம் இல்லை. கடிதம் தோட்டத்து ஆபீசுக்குப் போகும், அல்லது சந்திக் கடைக்குப் போகும். நேர்முகப் பரீட்சைக் கடிதம் நாள் கடந்து வந்து வேலை போன பிள்ளைகள் நம்மிடம் எத்தனை பேர்! இரத்தப் பரிசோதனைக் கடிதம் பிந்தினால் போவது வேலை மட்டுமில்லை. தமிழ்நாட்டில் விருதுநகர் மாவட்டத்தில் 2018இல் நடந்தது ஞாபகம் இருக்கலாம். அது எச்.ஐ.வி., ஆனால் பாடம் ஒன்றுதான். சிவகாசி அரசு ஆஸ்பத்திரியில் ஒரு இளைஞர் கொடுத்த இரத்தத்தைச் சாத்தூரில் ஒரு கர்ப்பிணித் தாய்க்கு ஏற்றினார்கள். அந்த இளைஞர் 2016இலேயே இரத்தம் கொடுத்து, அப்போதே பரிசோதனையில் தெரிந்திருந்தும், தகவல் அவர் கைக்குப் போய்ச் சேரவில்லை என்று வெளிவந்தது. வெளிநாட்டு வேலைக்காகச் செய்த பரிசோதனையில் அவருக்கே தெரியவந்தபோது, தானாக ஓடிப்போய் ஆஸ்பத்திரிக்குச் சொன்னது அவர்தான். அதற்குள் பிந்திவிட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் அவரும் உயிரோடு இல்லை. நேர்மையாக நடந்துகொண்ட ஒரு பிள்ளை அவர். ஒரு தகவல் ஒழுங்காகப் போயிருந்தால் இரண்டு குடும்பமும் தப்பியிருக்கும்.

அதனால் முகாமில் ஃபாரம் நிரப்பும்போது உங்கள் சொந்தத் தொலைபேசி இலக்கத்தைக் கொடுங்கள். கங்காணியின் நம்பர் வேண்டாம், கிளாக்கரின் நம்பர் வேண்டாம். அழைப்பு வந்தால் ஆட்கள் இல்லாத பக்கம் போய்ப் பேசுங்கள். பெறுபேறு கொடுத்தவருக்கும் இரத்த வங்கிக்கும் இடையில் உள்ள விஷயம்; துரையோ டிஸ்பென்சரியோ கேட்டால் சொல்ல வேண்டிய கடமை இல்லை. இரண்டாவது பரிசோதனைக்குப் போகும் நாளுக்குப் பேர் வெட்டக்கூடாது என்று சங்கம் கேட்கப்போகிறது. ஒரு நாள் சம்பளத்துக்குப் பயந்து போகாமல் விட்டவர்களை எனக்குத் தெரியும். லயத்துக்கு விலாசம் கேட்டு நடக்கும் நம் பழைய போராட்டத்துக்கு இதையும் ஒரு நியாயமாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கிருமி உறுதியானால் என்ன செய்வது? பி-க்குத் தடுப்பூசி உண்டு, சி-க்கு இல்லை. ஆனால் சி-யைக் குணமாக்கலாம். மூன்று மாதம் தினமும் மாத்திரை. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் கிருமி முழுக்கப் போய்விடும். 2013 கடைசியில் அமெரிக்காவில் அந்த மாத்திரை வந்தபோது ஒன்றின் விலை ஆயிரம் டொலர், மொத்தம் 84 மாத்திரை. கம்பனிக்காரன் கணக்கு அது! எகிப்து நாடு பேரம் பேசி அதே மூன்று மாத மருந்தைத் தொள்ளாயிரம் டொலருக்கு வாங்கியது, பிறகு தானே இன்னும் மலிவாகச் செய்தது. எகிப்துக்கு வேறு வழியும் இருக்கவில்லை. 1980கள் தொடங்கும்வரை அங்கே வயல் தொழிலாளருக்கு நத்தைக் காய்ச்சலுக்கு அரசாங்கமே ஊசி போட்டது. ஒரே கண்ணாடி ஊசியை ஆளுக்கு ஆள் பாவித்ததில் உலகத்திலேயே அதிகம் சி பரவிய நாடுகளில் ஒன்றாக ஆனது. கூலிக்காரனின் உடம்புதானே என்ற அலட்சியம் எல்லா நாட்டிலும் ஒன்றுதான். ஆனால் 2018, 19இல் அதே அரசாங்கம் ஏறக்குறைய ஐந்து கோடிப் பேரைப் பரிசோதித்து, கிருமி இருந்தவர்களுக்கு இலவசமாக மருந்து கொடுத்தது. முகாம் இரத்தத்தில் பிடிபடுகிறவர் ஒரு வகையில் அதிர்ஷ்டசாலி. ஈரல் சுருங்கும் முன்னால், ஒரு சதமும் செலவில்லாமல் அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

தாய்மாருக்கு ஒரு வார்த்தை. முகாமுக்கு வந்து 'இரத்தம் காணாது' என்று திருப்பி அனுப்பப்படுகிறவர்களில் அதிகம் நீங்கள்தான். ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும். நாள் முழுக்கக் கொழுந்து பறித்து, ரொட்டியும் தேத்தண்ணியும் சாப்பிட்டால் எங்கிருந்து வரும்? சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் இரும்புச் சத்து உடம்பில் சேராது. ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். நாமே பறித்த தேயிலையைப் பற்றி நாமே இப்படிச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிரசவத்தில் இரத்தம் போய் அவசரமாக ஏற்ற வேண்டி வருவதும் நம் தாய்மாருக்குத்தான். அந்தப் பை எங்கிருந்தோ ஒருவர் கொடுத்தது.

முகாமுக்கு வருகிறவர்கள் 18க்கும் 60க்கும் இடைப்பட்ட வயதாக, ஐம்பது கிலோவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். கடைசியாகக் கொடுத்து நாலு மாதம் ஆகியிருக்க வேண்டும். அடையாள அட்டையைக் கொண்டு வாருங்கள், வெறும் வயிற்றோடு வராதீர்கள். பெயர் கொடுக்கிறவர்கள் வாசலில் மேசையிலிருக்கும் தங்கச்சியிடம் இப்போதே கொடுக்கலாம். கேள்வி இருந்தால் கேளுங்கள். எல்லோர் முன்னாலும் கேட்க முடியாத கேள்வி என்றால், கிளிநொச்சி பஸ் வரும்வரை நான் இங்கேதான் இருப்பேன்.